மறுபடியும் என் கையால்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம் அது. யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறைப் பக்கமாக, கடல்நீரேரிக்குக் கிட்ட, இருபது கட்டில்கள் கொண்ட ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமான ஆஸ்பத்திரி. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அங்கேதான் நான் நேர்ஸ் வேலை பழகினேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. எங்களை எல்லோரும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் தகப்பனார் கரவெட்டியில் புரட்டஸ்தாந்து சபை ஒன்றின் உபதேசியார். மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அதிகாலையில் எழும்பி, கஞ்சி போட்ட ஏப்ரனில் ஒரு சுருக்கம் விழாமல் கட்டிக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் தலை வாரி முடிக்கும் முன்பே நோயாளர் வாட்டில் நிற்பேன். இரண்டு வருடத்தில் மேட்ரனிடம் ஒரு சின்னப் பேச்சுக்கூட வாங்கியதில்லை. யாராவது வாங்கினால், பாவம் என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்படுவேன். இதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது.

வியாழக்கிழமைகளில் எங்களுக்கு வேதபாட வகுப்பு நடக்கும். ஆஸ்பத்திரியை நடத்திய வெள்ளைக்கார டாக்குத்தர் அம்மாவே படிப்பிப்பார். அந்த வருடம் எடுத்த பாடம் ரட்சிப்பு. மனிதன் மீட்கப்படுவது எதனாலே? தகுதி பார்க்காமல் கடவுள் காட்டுகிற தயவினாலா, அதாவது கிருபையினாலா? நாங்கள் அவர்மேல் வைக்கிற விசுவாசத்தினாலா? இல்லை, நாங்கள் செய்கிற நல்ல கிரியைகளினாலா? வேதத்தில் ஒரு நிருபத்தை, அதாவது கடிதத்தை, பார்த்தால் விசுவாசம் என்று இருக்கும். இன்னொன்றைப் பார்த்தால் கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று இருக்கும். மற்றவர்கள் தலையைச் சொறிவார்கள். நான் கையை உயர்த்திக்கொண்டு எழும்பி நிற்பேன். கிருபை ஊற்று, விசுவாசம் அதை ஏந்துகிற பாத்திரம், கிரியை அதிலிருந்து வழிகிற தண்ணீர் என்று ஒரே மூச்சில் சொல்லுவேன். டாக்குத்தர் அம்மா தலையாட்டுவார். வருடக் கடைசிப் பரீட்சையில் இரண்டு தடவையும் முதற்பரிசு எனக்குத்தான்.

மூன்றாவது பரீட்சை நடக்க இருந்த வாரத்தில் குருநகரிலிருந்து ஒரு அக்கா பிரசவத்துக்கு வந்தார். கத்தோலிக்கர். புருஷன் கடலுக்குப் போகிறவர். வீட்டிலே நாலு பிள்ளைகள், இது ஐந்தாவது. பெண் குழந்தை, சுகமாகப் பிறந்தது. மூன்றாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கச் சொல்லி டாக்குத்தர் அம்மா எழுதினார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் என்றால் அந்தக் காலத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் இவருக்கு மருந்து பலித்தது. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கி, எழும்பி இருந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்.

நேரம் கிடைத்தால் அவர் கையில் செபமாலை இருக்கும். உதடு மெல்ல அசைந்துகொண்டிருக்கும். எனக்கு அதைக் கண்டால் பொறுக்காது. ஒருநாள் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, மணி உருட்டுறதாலை மோட்சம் கிடைக்காது. அது கிருபையாலைதான் கிடைக்கும்."

அவர் கோபிக்கவில்லை. "கிடைக்கிறதுக்கு இல்லை மிஸி. பிள்ளையளை விட்டிட்டு வந்து இஞ்சை கிடக்கிறன். ஆரோடையாவது கதைக்க வேணுமெல்லே?" என்றார்.

இது என்ன பதில் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள்தான் பரீட்சை. பின்னேரம் மூன்று மணிக்கு. காலை ஆறு மணி மருந்தை நான்தான் கொடுக்க வேண்டும். வாட்டின் கடைசியில் ஒரு மர இறாக்கையில் மருந்துப் போத்தல்கள் வரிசையாக இருக்கும். உடம்பில் பூசுகிற நச்சு மருந்துகளை வரிவரியாய்ப் புடைத்த பச்சைப் போத்தலில்தான் வைப்பது வழக்கம். கண் தவறினாலும் விரல் தொட்டுச் சொல்லிவிடும். அந்த வாரம் பச்சைப் போத்தல் போதவில்லை. பக்கத்துக் கட்டில் ஆச்சியின் முதுகு நோவுக்குப் பூசுகிற மருந்தைச் சாதாரணப் போத்தலில் விட்டிருந்தோம். 'குடிக்கக்கூடாது' என்று எழுதிய சிவப்புத் துண்டை அதில் ஒட்டியது நானேதான். ஒரு போத்தலை எடுக்கும்போது ஒரு தடவை, ஊற்றும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை அந்தத் துண்டை வாசிக்க வேண்டும். முதல் நாளே எங்களுக்குப் படிப்பிக்கிற பாடம் அது.

அன்றைக்கு நான் ஒரு தடவையும் வாசிக்கவில்லை. வாய்க்குள்ளே பரீட்சைப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிருபை, விசுவாசம், கிரியை. எந்த வசனத்தை எதற்குப் பிறகு எழுதினால் அழகாக இருக்கும் என்ற யோசனை. கை தன்பாட்டில் போத்தலை எடுத்தது. தன்பாட்டில் அவுன்ஸ் கிளாசில் ஊற்றியது.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"மிஸி, இது நேற்றையான் மருந்து மாதிரி இல்லை. தொண்டை எரியுது."

"மருந்தெண்டால் எரியத்தான் செய்யும். மிச்சத்தையும் குடியுங்கோ."

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தார். நான் சொன்னேன் என்பதற்காகக் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆச்சிக்கு முதுகு பூசப் போனேன். இறாக்கையில் இரண்டு போத்தலும் இடம் மாறி இருந்திருக்கின்றன; உள்ளங்கையில் ஊற்றியது காய்ச்சல் மருந்து. நிறத்தைக் கண்டதும்தான் அக்காவுக்கு நான் எதைக் கொடுத்தேன் என்று தெரிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் லேசாகச் சொல்ல முடிவதில்லை. உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இரண்டு போத்தல்களையும் அதனதன் இடத்தில் திருப்பி வைத்தேன். சிவப்புத் துண்டு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தேன். வாட்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சந்தானே, ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொன்னேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் அந்தத் தாயைப் பற்றி நான் நினைக்கவேயில்லை; என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

"மிஸி, தண்ணி தாங்கோ. நாக்கு ஒட்டுது" என்று அவர் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. கண்மணி இரண்டும் பெரிதாக விரிந்திருந்தன. யன்னல் இரண்டாகத் தெரிகிறது என்றார்.

அப்போதுதான் ஓடினேன்.

டாக்குத்தர் அம்மா என்னை ஏசவில்லை. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அதற்குள் கொஞ்சம் உடம்பில் ஏறிவிட்டது. பகல் முழுக்க அக்காவுக்குப் புத்தி தடுமாறியது. இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். வலை இழுக்கிறார் என்று பக்கத்துக் கட்டில் ஆச்சிதான் விளங்கிச் சொன்னார். கட்டிலிலிருந்து விழாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். நாடி குதிரை ஓடுகிறமாதிரி ஓடியது. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பசும்பாலில் தண்ணீர் கலந்து கரண்டியால் பருக்கினோம். அது குடிக்காமல் முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதது. பின்னேரம் பரீட்சை மணி அடித்தது. யார் போனார்கள், யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் விடிந்தபோது அவருக்குப் புத்தி தெளிந்திருந்தது. நாடியும் இறங்கிவிட்டது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்குத்தர் அம்மா சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் பேசுகிற தமிழ் வேதப்புத்தகத் தமிழ்.

"நடந்ததை அந்த அம்மாளுக்கும் புருஷனுக்கும் நாம் மறைக்கக்கூடாது. நான் சொல்லட்டுமா, நீ சொல்லுகிறாயா?"

"நான் சொல்லுறன் அம்மா" என்றேன்.

அவர் புருஷன் செய்தி கேட்டு விடியவே வந்திருந்தார். கடலிலிருந்து நேரே வந்தவர். இடுப்பில் கட்டிய சாரத்தில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கட்டில் ஓரமாக நின்றார். நான் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல் மாறியதைச் சொன்னேன். எரிகிறது என்று சொல்லியும் குடிக்க வைத்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் கைப்பிழை என்று போயிருக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட மனம் கேட்கவில்லை.

"தெரிஞ்ச பிறகும் நான் உடனை போய்ச் சொல்லேல்லை. ஐஞ்சு நிமிசம் பேசாமல் நிண்டனான். என்னைப் பிடிச்சுப் போடுவினம் எண்ட பயத்திலை."

 புருஷனின் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்.

"பத்து மணி மருந்து ஆர் தாறது?"

"வேறை மிஸி வருவா அக்கா. என்னை மருந்து இறாக்கையிலை கை வைக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்."

"நீ தா."

எனக்கு விளங்கவில்லை.

"நீ தந்தால் குடிப்பன். வேறை ஆர் தந்தாலும் எனக்கு வேண்டாம்."

"உனக்கென்ன விசரே? பைத்தியமே?" என்றார் புருஷன்.

"ஓம், விசர்தான்" என்றார் அக்கா.

மேட்ரன் வந்து சொல்லிப் பார்த்தார். டாக்குத்தர் அம்மா வந்து, "நீங்கள் நன்றாய் யோசித்துத்தான் பேசுகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். அக்கா அசையவில்லை. கடைசியில் டாக்குத்தர் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மேட்ரன் பக்கத்தில் நிற்க, போத்தலில் ஒட்டியிருந்ததை மூன்று தடவையும் சத்தமாக வாசித்தேன். ஊற்றினேன். கொண்டுபோய் நீட்டினேன். கை நடுங்கியதில் பாதி விரலில் வழிந்தது. கிளாஸ் அவர் பல்லில் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அசையாமல் நிறுத்தினார். கிளாசுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கைக்குது. இதுதான் சரியான மருந்து, தங்கச்சி" என்றார்.

நேற்றுவரை மிஸியாக இருந்தவள் எப்போது தங்கச்சியானேன் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் புருஷன் விறுவிறென்று வெளியே போய்விட்டார்.

அன்று மத்தியானம் டாக்குத்தர் அம்மா தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் தகப்பனாருக்கு எழுதிய கடிதம் கிடந்தது.

"உன்னை வீட்டுக்கு அனுப்புவதாகத் தீர்மானித்திருந்தேன். ஆனால் பிழை யாருக்குச் செய்யப்பட்டதோ அவர்களே உன் கையால் குடித்துவிட்டார்கள். இனி நான் எப்படி அனுப்புவேன்?" என்றார். அந்தக் கடிதம் கரவெட்டிக்குப் போகவில்லை. டாக்குத்தர் அம்மாவாகச் சொல்லும்வரை அக்காவின் அந்த ஒரு கட்டிலுக்கு மட்டும்தான் நான் மருந்து கொடுக்கலாம், மேட்ரன் பக்கத்தில் நிற்க.

இத்தோடு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. மன்னிப்புக் கிடைத்தது என்று காது கேட்டது, மனம் நம்பவில்லை. அதனால் வேலையில் இறங்கினேன். என் முறை முடிந்த பிறகும் வாட்டுக்குப் போய், அந்தக் குழந்தையின் துணிகளைச் சவுக்காரம் போட்டுத் தோய்த்தேன். அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன். குசினியில் கெஞ்சி முட்டைக்கோப்பி அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இருமினால் ஓடினேன். திரும்பிப் படுத்தால் ஓடினேன். நாலைந்து நாள் இப்படி நடந்தது.

ஒரு பின்னேரம் அவர் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மறுபடி தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நான் கீழே குனிந்து, ஏற்கெனவே துடைத்திருந்த நிலத்தை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, உந்த வேலையை விட்டிட்டு இஞ்சை வந்து இரு."

கட்டிலில் நேர்ஸ் உட்காரக்கூடாது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ எனக்காகச் செய்யிறியோ, உனக்காகச் செய்யிறியோ?" என்று கேட்டார்.

நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"உன்னைப் பார்க்க எனக்குக் களைக்குது பிள்ளை. நடந்ததுக்கு ஈடு கட்டப் பார்க்கிறாய். அது அண்டைக்கே முடிஞ்சுது. நான் குடிச்சனான்தானே? இன்னும் என்ன வேணும் உனக்கு?"

நான் கேட்டேன். "எப்பிடி அக்கா குடிச்சனீங்கள்? உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயமில்லாமல்? நெஞ்சு பதறினது உனக்குத் தெரியாது. மனசுக்குள்ளை ஒரு பிரியதத்தம் சொல்லிப்போட்டுத்தான் குடிச்சனான்." பிரியதத்தம் என்பது அவர்கள் செபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லுகிற மாதா செபத்தின் பேர். "ஆனால் உன்ரை முகத்தைப் பார்த்தன். அண்டைக்கு நான் குடிக்காமல் விட்டிருந்தால், நீ உன்ரை ஆயுளுக்கும் ஒருத்தருக்கும் மருந்து எடுத்துக் குடுக்கமாட்டாய். எனக்கு வீட்டிலை நாலு பொம்பிளைப் பிள்ளையள் இருக்குதுகள். அதுகளிலை ஒண்டு இப்பிடி நிண்டால் நான் என்ன செய்வன் எண்டு யோசிச்சன். வேறை ஒண்டும் யோசிக்கேல்லை."

அதைச் சொல்லிவிட்டு அவர் குழந்தையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டார். எனக்கு அந்தச் சொல் மட்டும் காதில் நின்றது. பிரியதத்தம். பிரியத்தோடு தரப்பட்டது. நாங்கள் கிருபை என்று சொல்லுவதைத்தான் அவர்கள் அந்தப் பேரால் சொல்லுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மணி உருட்டி மோட்சம் வாங்கப் பார்க்கிறார் என்று நான் எவருக்குப் பாடம் சொன்னேனோ, அவர் மணிக்கு மணி அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கிருபையைப் பற்றி வகுப்பில் எழும்பி நின்று சொன்ன நானோ, உள்ளுக்குள்ளே என் சுருக்கமில்லாத ஏப்ரனைத்தான் நம்பியிருந்தேன். அது கிழிந்ததும், நிலம் துடைத்து அதைத் தைக்கப் பார்த்தேன்.

"அப்ப நான் இனி ஒண்டும் செய்யக்கூடாதோ அக்கா?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "செய்யாமல்? உவள் துணி நனைச்சுப்போட்டாள். மாத்திவிடு" என்று குழந்தையை என் கையில் தந்தார்.

மாற்றிவிட்டேன். முந்திய நாலு நாளும் அதே வேலையைத்தான் செய்தேன். ஆனால் அன்றைக்கு அது பாரமாக இருக்கவில்லை. அந்தக் குழந்தையின் காலில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அத்தனை நாள் குளிப்பாட்டியும் அதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போனார். கூட்டிப்போக வந்த புருஷன், மூட்டையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நான் அவளைப் போலை இல்லை மிஸி. எனக்கு இன்னும் கோவம் போகேல்லை" என்றார். கொஞ்சம் நின்று, "போகும். அவள் சொல்லிப்போட்டாள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்கா ஆறாவது பிரசவத்துக்கு வந்தார். அதற்குள் நான் மருத்துவிச்சி வேலையும் பழகி முடித்திருந்தேன். என்னைத்தான் கேட்டாராம். கூட்டி வந்த புருஷன் வாசலில் என்னைக் கண்டதும், "தங்கச்சி, பார்த்துக்கொள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆண் பிள்ளை பிறந்தது. அதன்பிறகு யுத்தத்தால் ஆஸ்பத்திரிக்கு ஆள் பற்றாமல் போய், என்னைப் பருத்தித்துறைக்கு மாற்றினார்கள். அவர்களை நான் மறுபடி காணவில்லை.

வேதபாட வகுப்பில் நான் பிறகு கை உயர்த்துவதைக் குறைத்துவிட்டேன். பாடம் பிழை என்று அல்ல. ஊற்று, பாத்திரம், தண்ணீர் எல்லாம் சரிதான். ஆனால் அந்த மூன்றும் எனக்கு நடந்தபோது ஒரே மூச்சில் அழகாக வரவில்லை. தயவு நான் கேட்கும் முன்பே வந்து நின்றது. அதை நம்புவதற்கு எனக்கு நாலைந்து நாள் எடுத்தது; அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. நம்பிய பிறகுதான் என் கை உண்மையான வேலை செய்யத் தொடங்கியது.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நேர்ஸாக இருந்தேன். எத்தனையோ பேர் என்னை நல்லவள் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. கர்த்தருக்கு முன்னால் போய் நிற்கிற நாள் தூரத்தில் இல்லை. அன்றைக்கு என்ன சொல்லுவேன் என்று சிலவேளை யோசிப்பேன். செய்த நன்மைகளைச் சொல்லத் துணிவு வராது. ஆனால் பயந்து ஓடவும் மாட்டேன். பிழை செய்த என்னை நம்பி ஒரு தாய் வாய் திறந்ததை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தத் தாயைப் படைத்தவர் அவரிலும் குறைந்தவராக இருக்கமாட்டார்.